சுகர் பொடி அக்கா

போன வாரம் அரியலூரில் ஒரு வளைகாப்பு. என்னோடு வேலை பார்க்கும் டீச்சரின் மகளுக்கு. வளையல் போட்டு, சந்தனம் பூசி, அந்தப் பெண்ணிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் பந்திக்குத் திரும்பினேன். பின்னாலிருந்து ஒரு அம்மா என் முழங்கையைப் பிடித்தார். முன்பின் பார்த்த முகமே இல்லை.

"நீங்க அந்தப் பொண்ணுகிட்ட பேசிக்கிட்டு இருந்தீங்கல்ல… கேட்ட உடனே தெரிஞ்சுபோச்சு. நீங்கதான அந்த சுகர் பொடி அக்கா?"

கையில் தாம்பூலப் பை. அதைக் கீழே போடாமல் நின்றதே பெரிய காரியம்.

"நான் இல்லைங்க."

"அட, சும்மா சொல்லாதீங்கக்கா! எங்க வூட்டுல நானும் அவரும் உங்க பொடியத்தான் குடிக்கறோம்."

அவரைச் சுவர் ஓரமாக அழைத்துப் போனேன். குரல் என்னுடையதுதான், ஆனால் பேசியது நான் இல்லை, மெஷின் பேசுகிறது, அந்தப் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைப் போய்ப் பாருங்கள் – மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவரும் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்கக் கேட்க முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"போன்ல ஒண்ணு சொல்றீங்க, நேர்ல ஒண்ணு சொல்றீங்க. நாங்க எதக்கா கேக்கறது?"

சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டேன்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். மாடு காணாமல் போனதையும், மிக்ஸி ரிப்பேரையும் எழுதிச் சிரிக்க வைத்த பக்கத்தில் இதை எப்படி எழுதுவது? ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்வி பெரம்பலூர் வரைக்கும் என் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து வந்தது. எழுதிவிடுகிறேன். கொஞ்சம் கசக்கும்.

நான் தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர் என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் செல்வராசு போர்வெல் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். மழை நன்றாகப் பெய்தால் ஊரே சந்தோஷப்படும், எங்கள் வீட்டில் மட்டும் அடுப்பு சிணுங்கும். கிணற்றில் தண்ணீர் இருந்தால் யார் மோட்டாரைக் கழற்றுவார்கள்? மகள் கல்லூரிக்குப் போகப்போகிறாள் என்ற வருஷம், இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். இன்னொரு வருமானம் வேண்டும்.

செல்போனைத் திறந்தால் உலகமே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 'வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம்!' 'ஒரு லேப்டாப் போதும்!' 'உங்கள் திறமையே உங்கள் முதலீடு!' முகத்துக்கு நேராக வட்ட லைட்டை வைத்துக்கொண்டு ஒரு தம்பி தினமும் என்னைத் திட்டினான். அவன் பேச்சைக் கேட்டால், இன்னும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற நான்தான் இந்த மாவட்டத்திலேயே பெரிய முட்டாள்.

என்னிடம் என்ன திறமை? பரீட்சைத் தாள் திருத்துவேன். சாம்பார் வைப்பேன். அப்புறம்… பேசுவேன். பள்ளி ஆண்டுவிழாவில் மைக் என் கையில்தான் இருக்கும். அதைக் கேட்ட ஒரு ஜவுளிக்கடைக்காரர், அவரும் ஒரு பெற்றோர்தான், "டீச்சர், நம்ம ஆடித் தள்ளுபடிக்கு ஒரு விளம்பரம் பேசிக் குடுங்களேன்" என்றார். செல்போனிலேயே பேசிக் கொடுத்தேன். ரெண்டு நாள் கழித்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, மைக் கட்டிய ஆட்டோ ஒன்று எங்கள் தெருவுக்குள் வந்தது. "வாங்கம்மா வாங்க…" என்று என்னையே நான் கூப்பிட்டேன். கீழே செல்வராசு விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு நல்ல மைக் வாங்கினோம். படுக்கை அறைதான் ஸ்டுடியோ. ஜன்னலுக்கு ஜமுக்காளம், கதவுக்குப் போர்வை. ஃபேன் ஓடினால் இரைச்சல் விழும் என்று அணைத்துவிடுவேன். பெரம்பலூர் வெயிலில் ஃபேனை அணைத்துவிட்டு, நெற்றியில் வியர்வை வழிய, "குளுகுளு ஏசி வசதியுடன்" என்று சிரித்துக்கொண்டே பேசியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் மறுபடி முதலிலிருந்து. பைபாஸில் லாரி ஹாரன் அடித்தால் மறுபடி முதலிலிருந்து.

ஆன்லைனில் பெயரைப் பதிந்து வைத்ததும் வெளியூர் வேலையும் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து மிளகாய்த்தூள், சென்னையிலிருந்து பிளாட், சிங்கப்பூரிலிருந்து குழந்தைக் கதை. ஒருவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை. "ஹாய் உமா மேம்" என்று மெசேஜ் வரும். பேசி அனுப்புவேன். "சூப்பர் மேம்" என்று வரும். அவ்வளவுதான் உறவு. மகளின் ஃபீஸ் ஒரு வருஷம் அதில்தான் ஓடியது. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "ஒரு பொம்பள ரூமப் பூட்டிக்கிட்டு உள்ள யாருகிட்ட பேசுறா?" என்று ஒரு கல்யாண வீட்டில் காதுபடவே கேட்டார்கள். அப்போது எனக்காக எழுந்து நின்றவர் ஒரே ஒருத்தர். மலர்க்கொடி அண்ணி. என் வீட்டுக்காரரின் அக்கா. கீழப்பழுவூரில் கொஞ்சம் நிலம், கடலை போடுவார், சோளம் போடுவார். பையன் திருப்பூரில். மாமா போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது.

"அவ வாய வச்சு சம்பாதிக்கறா. நீங்கள்லாம் வாய வச்சு என்ன பண்றீங்க?" என்று பந்தி நடுவில் கேட்டார் அண்ணி. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் பேசிய எல்லாவற்றையும் அண்ணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் கோபம் வந்துவிடும். களை எடுக்கும்போது செல்லை வரப்பில் வைத்து, பிளாட் விளம்பரத்தைக்கூட சத்தமாகப் போட்டுக் கேட்பார். "எங்க செல்வராசு பொண்டாட்டி பேசுறா" என்று கூட வேலை செய்கிற பெண்களிடம் சொல்வார். அவர்களும் மரியாதையாகக் கேட்பார்கள். சென்னையில் பிளாட் வாங்கும் யோசனை அவர்களில் ஒருவருக்கும் இல்லை.

அப்போதுதான் அந்தப் பெரிய வேலை வந்தது.

பெங்களூரு கம்பெனி என்றார்கள். விளம்பரம் இல்லை, கதை இல்லை. ஆயிரக்கணக்கான வாக்கியம் அனுப்புவோம், வாசித்துக் கொடுங்கள் போதும். எதற்கு என்று கேட்டேன். "வாய்ஸ் டேட்டா மேம். மெஷினுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறோம்" என்றாள் கோ-ஆர்டினேட்டர் பெண். தமிழ் டீச்சரிடம் வந்து மெஷினுக்குத் தமிழ் சொல்லிக் கொடு என்றால்… பெருமையாக இருக்காதா? இருந்தது. திரையில் நீளமாக ஏதோ ஒப்பந்தம் வந்தது. எல்லோரும் செய்வது போல அடி வரைக்கும் தள்ளிவிட்டு 'சம்மதம்' தட்டினேன்.

முதலில் சுத்தமான தமிழில் வாசித்து அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"நியூஸ் மாதிரி இருக்கு மேம். உங்க ஊர்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே வேணும். அந்த 'ங்க', அந்த இழுப்பு… அதுதான் எங்களுக்கு வேணும்."

இத்தனை வருஷமாக 'வூடு' என்று எழுதும் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருக்கிறேன். முதல்முறையாக ஒருத்தர் அந்த 'வூடு'தான் வேண்டும் என்கிறார், கேட்ட தொகையும் கொடுக்கிறார். வாசித்தேன். சந்தோஷமாக, சோகமாக, அக்கறையாக, ஆறுதலாக. "சாப்பிட்டீங்களா?" "கவலப்படாதீங்க, நான் இருக்கேன்ல." "அடடா, அப்புறம் என்னாச்சுங்க?" தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் அன்பு. அன்பு சரியாக வரவில்லை என்று ஒரு கட்டு வாக்கியம் திரும்பி வந்தபோது, ஒரு உபாயம் செய்தேன். அண்ணி எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பேசினேன். ஒரே டேக்கில் ஓகே.

அந்த வேலை முடிந்தது. அதோடு மற்ற வேலைகளும் ஒவ்வொன்றாக முடிந்தன. மிளகாய்த்தூள்காரர் மெசேஜுக்குப் பதில் போடவில்லை. சிங்கப்பூர், "இப்போ ஏஐ-லயே பண்ணிக்கிறோம் மேம், டேக் கேர்" என்றது. கடைசியில் நம்ம ஊர் ஜவுளிக்கடை ஆட்டோ தெருவில் வந்தது. தீபாவளி விளம்பரம். என் குரல். ஆனால் நான் பேசவில்லையே?

நேரே கடைக்குப் போனேன்.

"என்னங்க, இது என் குரலு மாதிரி இருக்கு?"

"அப்படியா டீச்சர்?" நிஜமாகவே ஆச்சரியப்பட்டார் மனிதர். "ஆப்புல எடுத்ததுங்க. வரிசையா நெறைய வாய்ஸ் இருந்துச்சு. 'கிராமத்து அக்கா'ன்னு ஒண்ணு. கேட்டதுமே நம்ம ஊரு பேச்சு மாதிரி தோணுச்சு, அதான் எடுத்துட்டேன்."

பெயர் வைத்திருக்கிறார்கள். அம்மா அப்பா வைத்த பெயரெல்லாம் எதற்கு?

வீட்டுக்கு வந்து செல்வராசிடம் சொன்னேன். "போகுது விடு, நமக்கு வேல போச்சு, அவ்வளவுதான" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவ்வளவுதான் என்று.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். திருப்பூரிலிருந்து அண்ணியின் பையன் போன் செய்தான். அம்மாவை அரியலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், அவன் கிளம்பி வந்துகொண்டிருக்கிறான், நாங்கள் உடனே போக வேண்டும். மண்வெட்டி பட்டு காலில் சின்னக் காயமாம். ஆறவில்லையாம்.

நாங்கள் போனபோது அண்ணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இடது காலில் கட்டு. அந்த வாசனையை எழுத மாட்டேன். டாக்டர் இளைஞர், களைத்துப்போயிருந்தார்.

"சுகர் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. மாத்திரைய மாசக்கணக்கா நிறுத்தியிருக்காங்க. ஒழுங்கா போட்டுக்கிட்டு இருந்தவங்கதான். யாருமா உங்கள நிறுத்தச் சொன்னது?"

அண்ணி திரும்பி எங்களைப் பார்த்தார். முதலில் தம்பியை. பிறகு என்னை. என்னைப் பார்த்தபடியே டாக்டருக்குப் பதில் சொன்னார்.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் நிறுத்திட்டேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன் அண்ணி இப்படிப் பண்ணுனீங்க?" என்று சத்தம் போட்டேன். டீச்சர் குரலில், பிள்ளையை அதட்டுவது போல. டாக்டர் போனதும், "செல்வராசு, போயி எனக்கு ஒரு டீ வாங்கிட்டு வாப்பா" என்று தம்பியை வெளியே அனுப்பினார். பிறகு என் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத உமா. நீ நல்லதுக்குத்தான சொன்ன."

"நான் என்ன சொன்னேன்?"

"டாக்டருகிட்ட நான் உன் பேர சொல்லல பாத்தியா? சொல்ல மாட்டேன். எவன் கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

தலையணைக்கு அடியிலிருந்து செல்லை எடுத்துத் தட்டினார். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பி, யார் யாரோ தாண்டி வந்த ஆடியோ.

"நல்லா இருக்கீங்களா? உங்க அக்காதாங்க பேசுறேன். எங்க வூட்டுலயும் சுகருங்க. மாத்திர மாத்திரையா முழுங்கி என்னத்தக் கண்டோம்? கிட்னிதான் போச்சு. இந்தப் பொடிய ஒரு மண்டலம் குடிச்சுப் பாருங்க. மாத்திரைய நிறுத்திட்டுக் குடிக்கணும், அதான் முக்கியம். கவலப்படாதீங்க, நான் இருக்கேன்ல…"

என் 'ங்க'. என் இழுப்பு. அண்ணியை நினைத்துக்கொண்டு நான் பேசிய அதே அன்பு, ஒரு சொட்டுக் குறையவில்லை.

"அண்ணி, இது நான் இல்ல."

"சரி, சரி."

"சத்தியமா நான் இல்ல அண்ணி! இது மெஷினு. என் குரல எடுத்து…"

"உன் குரலு எனக்குத் தெரியாதா புள்ள? நீ கல்யாணமாகி வந்த நாள்லேருந்து கேக்கறேன்." கையைத் தட்டிக் கொடுத்தார். "விளம்பரத்துக்குப் பேசியிருப்ப. காசு குடுத்திருப்பாங்க. உன் பொழப்பு அது. நான் உன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும். என் தப்புதான்."

செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கியிருக்கிறேன், வாசகர்களே. அதில் ஒரு ரோஷமாவது மிஞ்சும். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கியிருக்கிறீர்களா? அதுவும், விரல் போகப்போகிறவரிடம்?

இரண்டு விரலை எடுத்தார்கள். காலைக் காப்பாற்றியதே பெரிது என்றார் டாக்டர்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, அந்த ஆடியோவில் சொன்ன நம்பருக்குப் போன் போட்டேன். எவனாவது எடுப்பான், கிழித்துவிடலாம் என்று வார்த்தைகளையெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன்.

"வணக்கம்ங்க… நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?"

எடுத்தது நான்தான்.

"யாரு பேசுறது?" என்றேன்.

"உங்க அக்காதாங்க பேசுறேன். சுகரு எவ்வளவு நாளா இருக்குங்க?"

"எனக்கு சுகர் இல்ல. உங்க ஓனர்கிட்ட பேசணும்."

"ரொம்ப சந்தோசம்ங்க. சுகரு வராம இருக்கறதுக்கும் நம்ம பொடி நல்லதுங்க."

"உங்க பொடியால எங்க அண்ணிக்கு விரல எடுத்துட்டாங்க!"

துக்கம் விசாரிக்கப் போனால் நான் எப்படிக் குரலைத் தாழ்த்துவேனோ, அப்படியே தாழ்த்தி…

"அடடா… கேக்கவே மனசு கஷ்டமா இருக்குங்க. கவலப்படாதீங்க, நான் இருக்கேன்ல. அண்ணிக்கு ரெண்டு டப்பாவா அனுப்பட்டுங்களா?"

கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அது மட்டும் பொறுமையாக, பாசமாக, ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டே இருந்தது. என்னைவிட நல்ல உமா அது.

போலீஸில் புகார் கொடுக்கப் போனேன். அதிகாரி தன்மையான மனிதர், என்னை உட்காரச் சொல்லி, ஆடியோவை இரண்டு தடவை கேட்டார்.

"குரல் உங்களோடதுதாம்மா, அதுல சந்தேகமே இல்ல. ஆனா பேசுனது நீங்க இல்ல. சரி, வேற யாரு பேசுனா? யாருமே பேசல. நான் யார் பேருல எழுதறது, சொல்லுங்க?"

பொடி விற்கிற நம்பரின் பேரில் எழுதி வாங்கிக்கொண்டார். நான் கிளம்பும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கங்கம்மா. பாதிக்கப்பட்டவங்க யாராவது வந்து புகார் குடுத்தா, அடையாளம் சொல்றதுக்கு அவங்ககிட்ட இருக்கறது உங்க குரல் மட்டும்தான்."

அந்த நம்பர் சில நாளில் செத்துப்போனது. வேறு நம்பரோடு, அதே ஆடியோ மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

பெங்களூரு கம்பெனிக்கு எழுதினேன். பதில் வந்தது. என் பங்களிப்புக்கு நன்றி. நான் சம்மதம் கொடுத்திருக்கிறேன். குரலை வாங்குகிறவர்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்குக் கம்பெனி பொறுப்பல்ல. விடாமல் அந்தக் கோ-ஆர்டினேட்டர் பெண்ணுக்கே போன் செய்தேன். பாவம், அவளுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அண்ணியின் விரலைப் பற்றிச் சொன்னபோது, "ஐயோ சாரி மேம்" என்றாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவளுக்கும் ஒரு டார்கெட் இருக்குமல்லவா?

"மேம், 'கிராமத்து அக்கா' ரொம்ப நல்லா போகுது. இப்ப நீங்க பேசும்போது கோபம் ரொம்ப நேச்சுரலா வருது… 'கோபமான அக்கா' ஒரு செட் பண்ணித் தர்றீங்களா?"

போனை வைத்துவிட்டேன்.

செல்வராசு இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் கடையிலிருந்து வந்தவர், ஜன்னல் ஜமுக்காளத்தை அவிழ்த்து மடித்துப் பரண் மேல் போட்டார். "நீ அந்த வேலைக்கே போயிருக்க வேணாம்" என்றார். மைக் வாங்கித் தந்தவர் அவர்தான். மகளின் ஃபீஸை என் கணக்கிலிருந்து கட்டிவிட்டுத் தெருவில் நெஞ்சு நிமிர்த்தி நடந்தவரும் அவர்தான். கேட்டிருப்பேன். ஆனால் விரல் போனது அவருடைய அக்காவுக்கு. கேட்கவில்லை.

அண்ணி வீடு திரும்பினார். பார்க்கப் போனால் தெருவே என்னை வேறு மாதிரி பார்த்தது. அந்தத் தெருவில் பாதி வீட்டில் அந்தப் பொடி டப்பா. "எங்க செல்வராசு பொண்டாட்டி சொல்றா" என்று அண்ணி சொல்லித்தான் வாங்கியிருக்கிறார்கள். ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள். "ஏங்க டீச்சர், உங்க வூட்டுல யாருக்குங்க சுகரு? ஒருத்தருக்கும் இல்லியாமே?"

இனிமேல் தாங்காது என்று தோன்றியது. அண்ணியின் கட்டிலுக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். புது நம்பருக்கு என் செல்லிலிருந்து போன் போட்டு, ஸ்பீக்கரை வைத்தேன். அண்ணியின் கையில் செல்லைக் கொடுத்தேன். பிறகு என் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

"வணக்கம்ங்க… நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?"

அண்ணி செல்லைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார்.

"யாரு… உமாவா?" என்றார் செல்லிடம்.

"ஆமாங்க, உங்க அக்காதாங்க. சொல்லுங்க, ஒடம்பு எப்படி இருக்கு?"

அண்ணி செல்லைப் படுக்கையில் போட்டார். அது அங்கே கிடந்தபடி பொடியின் மகிமையைப் பேசிக்கொண்டே இருந்தது. நான் அதை அணைத்துப் படுக்கையிலேயே வைத்தேன். 'இப்பவாவது நம்புறீங்களா அண்ணி' என்று கேட்கவில்லை. நம்பிவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது. அவருக்கு?

செல்லைப் பார்த்தபடியே கேட்டார். "அப்ப… பொங்கலுக்குப் பேசுனியே, அது?"

"அது நான்தான் அண்ணி."

"மழையில சோளம் சாஞ்சு போயி நான் அழுதப்ப, ரொம்ப நேரம் பேசுனியே?"

"நான்தான் அண்ணி! அதெல்லாம் நான்தான்!"

"ம்" என்றார். சேலைத் தலைப்பால் செல்லின் திரையை மூடினார். செத்தவர் முகத்தை மூடுவார்களே, அப்படி. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாரே, அந்த அண்ணி என்னை நம்பாமலே எவ்வளவு பக்கத்தில் இருந்தார். இப்போது நம்புகிறார். ஆனால் கையை மடியில் மடக்கி வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே போன் செய்தேன். காலையில் மாத்திரை போட்டாரா என்று கேட்க வேண்டும்.

"அண்ணி, மாத்திர போட்டாச்சா?"



"யாரு பேசுறது?"

"நான்தான் அண்ணி, உமா."

"அதுவும் அப்படித்தான் சொல்லுது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதனால் இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் அரியலூர் போய், பஸ் மாறி, கீழப்பழுவூரில் இறங்குகிறேன். மாத்திரைப் பட்டையை எடுத்துப் பார்க்கிறேன். காலைக் கழுவித் துடைத்து மருந்து போடுகிறேன். எதிரில் உட்கார்ந்து, வாயைத் திறந்து பேசுகிறேன். அண்ணி என் உதட்டையே பார்த்துக்கொண்டு கேட்கிறார். வார்த்தையும் உதட்டசைவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார் என்று நினைக்கிறேன். ஒத்துப்போகிறது என்று தெரிந்தால் லேசாகத் தலையாட்டுகிறார்.

நல்லவேளை… முகத்தை நான் இன்னும் யாருக்கும் விற்கவில்லை.